பெட்டி பழகிய வாரம்

மங்களேஸ்வரி கம்ப்யூட்டர்ஸ் கடைக்குள் ஒரு திருடன் இருந்தான். அவனைப் பார்த்து மணி அடிக்கவில்லை. மங்களேஸ்வரியைப் பார்த்துத்தான் அடித்தது.

வலது காலை வாசல்படிக்கு உள்ளே வைத்தாள். அடித்தது. காலை வெளியே எடுத்தாள். நின்றது. இடது காலை வைத்துப் பார்த்தாள். அதற்கும் அடித்தது. அருப்புக்கோட்டையில் தங்கச்சி வளைகாப்புக்குப் போய்ப் பத்து நாள் தங்கிவிட்டு நேரே பஸ்ஸிலிருந்து இறங்கி வந்திருந்தாள். கையில் பை. பைக்குள் புளிசாதமும் கண்ணாடி வளையலும். சொந்தக் கடை வாசலில் ஒரு பொம்பளை காலை வைப்பதும் எடுப்பதுமாக நின்றால் தெரு சும்மா இருக்குமா? நன்றாக வேடிக்கை பார்த்தது.

உள்ளே அவளுடைய நாற்காலியில் கட்டம் போட்ட சட்டைக்காரன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். அவளுடைய டம்ளரில் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

அவள் புருஷன் சங்கரபாண்டி ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். முதலில் சுவரில் மாட்டியிருந்த பச்சை விளக்குப் பெட்டியைப் பார்த்தார். அப்புறம்தான் இவளைப் பார்த்தார்.

“என்ன வேணும் மேடம்?” என்றார்.

மேடமாம்! பெற்ற பிள்ளை காலேஜில் படிக்கிற வயசில், கட்டிய பெண்டாட்டியைப் பார்த்து மேடமாம்!

“ஏங்க, நான்தாங்க. மங்களம்.”

“பேரு வெளிய போர்டுலயே இருக்கு மேடம். யார் வேணாலும் படிக்கலாம்.”

“என் நாற்காலியில உக்காந்திருக்கிறது யாரு?”

“குணசீலன். திருடன்.”

“திருடன்னா?”

“திருடுறவரு மேடம். கொஞ்சம் வெளிய நில்லுங்க. மணி அடிச்சா கஸ்டமருக்குத் தொந்தரவா இருக்கு.”

குணசீலன் எழுந்து நின்று மரியாதையாகக் கும்பிட்டான். பிறகு மேஜைமேல் இருந்த மவுஸின் வயரைச் சுருட்டினான். அதை எடுத்துக்கொண்டு கடையின் பின்பக்கம் போனான். பெட்டி தன்பாட்டுக்குப் பச்சையாக எரிந்தது.

நடந்தது இதுதான். கடை அவளுடையது. ஒற்றைக் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு ஊர்ப் பையன்களுக்கெல்லாம் பயோடேட்டா அடித்துக் கொடுத்து ஆரம்பித்தாள். கல்யாணப் பத்திரிகை, ஆன்லைன் விண்ணப்பம், ஊருக்கே தினசரி காலண்டர், எல்லாம் அவள் கைபட்டு வளர்ந்தது. போன மாசம் யாரோ எங்கிருந்தோ கடைக் கம்ப்யூட்டருக்குள் புகுந்து, ரிட்டயர்டு வாத்தியார் ஒருவருடைய இமெயிலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். வாத்தியார் கடையிலேயே உட்கார்ந்து அழுதார். அன்றைக்கு முடிவு செய்தாள், ஊடுருவலைக் கண்டுபிடிக்கிற பெட்டி ஒன்று வாங்கி மாட்டுவதென்று. கம்ப்யூட்டருக்குள் யார் வந்தாலும் அடிக்கும், கடைக்குள் யார் வந்தாலும் அடிக்கும், இரண்டுக்கும் ஒரே மணி என்று கம்பெனிக்காரர்கள் சொன்னார்கள்.

பெட்டியை மாட்டியதும் ஒரு வாரம் அது வாயைத் திறக்காது. பார்க்கும். பழகும். யார் வருகிறார், யார் எங்கே உட்காருகிறார், எந்தக் கம்ப்யூட்டர் எதோடு பேசுகிறது, எத்தனை மணிக்கு எது எந்தப் பக்கம் போகிறது என்று கவனித்துக்கொண்டே இருக்கும். அந்த வாரம் என்ன நடந்ததோ அதுதான் இயல்பு. வாரம் முடிந்த பிறகு அதற்கு மாறாக எது நடந்தாலும் அடிக்கும்.

“நான் ஊருக்குப் போயிட்டு வந்ததும் மாட்டலாம்” என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

சங்கரபாண்டி கேட்டாரா? ஆடி பிறந்துவிட்டால் புதிதாக எதையும் ஆரம்பிக்கக் கூடாதே என்று, ஆனி முடிவதற்குள் பஞ்சாங்கம் பார்த்து, கடைசியாகக் கிடைத்த நல்ல நேரத்தில் பெட்டியை மாட்டிவிட்டார். சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம் எல்லாம் முறையாகச் செய்தார். பெண்டாட்டி ஊரில் இல்லை என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

குணசீலனும் புதிதாகத் தொழில் ஆரம்பிக்க அதே நல்ல நேரத்தைத்தான் பார்த்து வைத்திருந்தான். பெட்டி பழகிய வாரம் முழுக்க அவன் உள்ளே இருந்தான். இவள் இல்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனாள். சங்கரபாண்டி வந்து கதவைத் தட்டினார். “வா மங்களம்னு நான் சொல்லணும், நீ கதவைத் திறக்கிற. எப்ப வந்த? வளைகாப்பு நல்லா நடந்துச்சா?” என்று வாயெல்லாம் பல்லாகக் கேட்டார். வீட்டில் பெட்டி கிடையாது.

சாப்பிட உட்கார்ந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“இன்னைக்குக் கடைக்கு ஒரு பொம்பளை வந்துச்சு. உன் பேரைச் சொல்லுது. உன் சேலையையே கட்டியிருக்கு.”

“அது நான்தான்.”

“அதுவும் அப்பிடித்தான் சொன்னுச்சு.”

“யோவ், நான்தான்யா அது!”

“மணி அடிச்சுதே மங்களம். மெஷினுக்கு உன் மேல என்ன கோவம்? அது எதுக்குப் பொய் சொல்லப்போகுது?” ரசம் ஊற்றச் சொல்லித் தட்டை நகர்த்தினார். “நீ கவலையே படாத. நீ இல்லாத நேரத்துல எவளையும் உள்ள விட மாட்டேன்.”

ரசத்தை அவர் தலையில் ஊற்றியிருக்கலாம். தட்டில்தான் ஊற்றினாள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு ஆறவில்லை.

மறுநாள் வீட்டிலிருந்தபடியே போனைத் திறந்து கடைக் கம்ப்யூட்டருக்குள் போகப் பார்த்தாள். கடவுச்சொல்லைப் போட்டாள். தெருக்கோடியில் கடைமணி அடிப்பது வீடுவரை கேட்டது. போன் திரையில் எழுத்து வந்தது. ‘கடவுச்சொல் சரி. ஆள் சரியில்லை.’

கம்பெனிக்குப் போன் போட்டுக் கத்தினாள்.

“திருடனை உள்ள வச்சுக்கிட்டு முதலாளியை வெரட்டுது உங்க பெட்டி!”

“பெட்டி சரியா வேலை செய்யுதுன்னு சந்தோஷம் மேடம்” என்றது போனில் ஒரு பெண் குரல்.

“மறுபடி ஒரு வாரம் பழக விடுங்க. நான் வந்து உக்கார்றேன்.”

“ஆடியில புதுசாப் பழகாது மேடம். ஆவணி பிறக்கட்டும்.”

சரி, ஆவணிதானே என்று காத்திருந்தாள். ஆடி முடியவில்லை. ஆடிப்பெருக்கு வந்தது, போனது, மறுபடி வந்தது. அம்மன் கோயிலில் கூழ் ஊற்றி ஊற்றி ஊர்க்காரர்களுக்குக் கூழ் என்றாலே வயிற்றைப் பிரட்டியது. மாப்பிள்ளைகள் எல்லாரும் மாமனார் வீட்டில் விருந்துக்குப் போய் அங்கேயே தங்கி மெலிந்துபோனார்கள். ஊருக்குக் காலண்டர் அடிப்பது இவள் கடைதான் என்று சொன்னேன் அல்லவா? ஆவணிக்கு அடித்து வைத்திருந்த கட்டை குணசீலன் எடுத்துக்கொண்டு போய்விட்டான். கிழிக்க ஆவணி இல்லை. எனவே ஆடி.

இதைக் கேட்க ஊரில் ஒரு நாதி இல்லை.

கடைசியில் பஸ் ஸ்டாண்டு மாடியில் ஒரு போர்டைப் பார்த்தாள். ‘ஊடுருவல் கண்டறிதல், அடிப்படைப் பயிற்சி.’ என் கடைக்குள் நான் போகக்கூடாது என்று சொல்கிற சாஸ்திரம் எது, அதையும் பார்த்துவிடுகிறேன் என்று மாடி ஏறினாள்.

மாடியில் அறைகளுக்கு நடுவே ஒரு நீளமான நடை. அவள் நடக்க நடக்க அது நீண்டது. ஒரே கதவு திரும்பத் திரும்ப வந்தது. அதில் ‘இங்கே எச்சில் துப்பாதீர்’ என்று எழுதியிருந்தது. கால் வலித்தது. “ஏ, நில்லு! எம்புட்டு தூரம்தான் போவ?” என்று அதட்டினாள். நடை நின்றுவிட்டது. எதிரே வகுப்பறை இருந்தது. இவ்வளவு நாளில் அவள் சொல்லைக் கேட்ட முதல் ஆள் அந்த நடைதான்.

வகுப்பில் இருந்தவர்கள் எல்லாம் மணி அடித்து வெளியே தள்ளப்பட்டவர்கள். பாடம் நடத்துகிறவர் பெயர் அருள்தாஸ். அவர் கரும்பலகைப் பக்கம் ஒரே இடத்தில் நின்றார். நகர்ந்தால் வகுப்பிலிருந்த பெட்டி அடிக்கும். ரொம்ப நாளாக அப்படி நின்றதில் சுவர்ச் சுண்ணாம்பு அவர் மேல் இடுப்பு வரைக்கும் ஏறியிருந்தது.

“பெட்டிக்கு ரெண்டு வழி” என்று ஆரம்பித்தார். “ஒண்ணு, அடையாளம். ஏற்கனவே மாட்டுன திருடன் எல்லாருடைய போட்டோவும் பெட்டிக்குள்ள இருக்கும். வர்றவன் மூஞ்சி அதுல ஒண்ணோட ஒத்துப்போனா அடிக்கும்.”

“புதுத் திருடன் வந்தா?” என்றாள் மங்களேஸ்வரி.

“அடிக்காது.”

“அவன் போட்டோ எப்ப வரும்?”

“வேற யார் வீட்டுலயாவது திருடி மாட்டுன பிறகு.”

“நல்லாயிருக்கு சார் நியாயம்!”

“ரெண்டாவது வழி, பழக்கம். முதல்ல இயல்பு எதுன்னு பழகிக்கும். இயல்பு இல்லாதது எல்லாம் ஊடுருவல்.”

“நல்லவன் கெட்டவன் பார்க்காதா?”

“அது பெட்டிக்குத் தெரியாதும்மா. பழகினது, பழகாதது. அவ்வளவுதான்.”

பக்கத்து பெஞ்சில் பட்டு வேட்டி கட்டியிருந்த கோகுலகண்ணன் பெருமூச்சு விட்டான். “மீசையை எடுத்தேன்க்கா. அது ஒண்ணுதான் செஞ்சேன். மாமனார் வீட்டுப் பெட்டி அடிச்சிருச்சு. பொண்டாட்டி ஜன்னல் வழியா டவலை மட்டும் தூக்கிப் போட்டா.”

“மீசை வளரும்ல?”

“இப்ப மீசையோட போனாலும் அடிக்குதுக்கா. நடுவுல மீசை இல்லாத என்னைய அது பழகிருச்சு. வாசல்ல ரொம்ப நேரம் நின்னு கெஞ்சினேன்ல.”

அருள்தாஸ் தன் காதுக்குப் பக்கத்தில் சுவரிலிருந்த திருகைத் தொட்டார். “இது பெட்டியோட காது. வலது பக்கம் திருகினா காது கூர்மையாகும்.” திருகினார். மணி அடித்தது. ஈ பறந்ததற்கு அடித்தது. கோகுலகண்ணன் தும்மியதற்கு அடித்தது. எல்லாரும் முதலில் பதறி எழுந்தார்கள். மறுபடி அடித்தபோது தலையை மட்டும் திருப்பினார்கள். அதற்குப் பிறகு அடித்தபோது யாரோ முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். அந்த நேரத்தில் ஒருவன் உள்ளே வந்து கரும்பலகையைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு போனான். மணி அடித்துக்கொண்டுதான் இருந்தது. ஒருவரும் திரும்பவில்லை.

“இடது பக்கம் திருகினா?” என்றாள்.

திருகினார். மணி அடங்கியது. இன்னொருவன் வந்து பெஞ்சுகளை எடுத்துக்கொண்டு போனான். எல்லாரும் தரையில் உட்கார்ந்தார்கள்.

“ரெண்டுக்கும் நடுவுல எங்க நிறுத்துறது சார்?”

“அதுதான் தொழிலே” என்றார் அருள்தாஸ். அவருக்கும் தெரியாது என்பது முகத்திலேயே தெரிந்தது.

“பெட்டி திருடனைப் பிடிக்குமா, பிடிக்காதா?”

“பிடிக்காது. சொல்லும்.”

“யாருகிட்ட?”

“கேக்கிறவங்ககிட்ட.”

கேட்கிறவர் யார்? சங்கரபாண்டி!

பாடம் முடிந்ததும் பரீட்சை. ஒவ்வொருவராகப் பக்கத்து அறைக்குப் போகச் சொன்னார்கள். மங்களேஸ்வரி கதவைத் திறந்தாள். உள்ளே அவளுடைய கடை இருந்தது. அதே மேஜை. அதே கீபோர்டு, தேய்ந்துபோன அதே எழுத்துகள். முதுகுக்கு அவள் தைத்துப் போட்ட பச்சைத் தலையணையோடு அவளுடைய நாற்காலி. குணசீலன் இல்லை. மணி அடிக்கவில்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஓடிப்போய் உட்கார்ந்தாள்.

சுவருக்குள்ளிருந்து அருள்தாஸ் குரல் வந்தது. “மாட்டிக்கிட்டீங்கம்மா. ஃபெயில்.”

“எதுக்கு ஃபெயிலு?”

“அது பொய்க்கடை. திருடனை இழுக்கிறதுக்காக வைக்கிற தேன்பானை. நெசமான சொந்தக்காரனுக்கு அதுக்குள்ள ஒரு வேலையும் இல்ல. அதனால உள்ள காலை வச்சவன் எவனா இருந்தாலும் திருடன்தான்.”

“சொந்தக் கடை மாதிரியே செஞ்சு வச்சுட்டு, வந்து உக்காந்தா திருடியா? வெக்கமா இல்ல உங்களுக்கு?”

“உங்க கடைன்னு எப்பிடி நம்புனீங்க?”

“என் நாற்காலி இருக்குல்ல! நாற்காலி எங்க இருக்கோ அதுதான் என் கடை.”

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. பிறகு குரலை மாற்றிக்கொண்டு கேட்டாள்.

“சார், ஒரு சந்தேகம். பழகின வாரத்துல கடைச் சாமான் தினமும் வெளிய போயிருந்தா?”

“சாமான் வெளிய போறது இயல்பு.”

“எம்புட்டு சாமான் போனாலும்?”

“கொஞ்சங் கொஞ்சமாக் கூட்டிக்கிட்டே போனா அதையும் பழகிக்கும்.”

“பெட்டியே வெளிய போனா?”

அருள்தாஸ் யோசித்தார். திறந்திருந்த கதவு வழியே பார்த்தாள், சுண்ணாம்பு அவர் நெஞ்சு வரை வந்திருந்தது. “பெட்டியும் சாமான்தான்” என்றார். “புது ஆணியில மாட்டினா புதுசாப் பழக ஆரம்பிக்கும். ஆனா ஆவணி பிறந்திருக்கணும்.”

அவள் நேரே கடையின் பின்சந்துக்குப் போனாள். பின்பக்க ஜன்னலுக்குக் கீழே சாமான்கள் குவிந்து கிடந்தன. மவுஸ்கள், பேப்பர் கட்டுகள், ஸ்டேப்ளர், அவளுடைய டம்ளர், நனைந்த ஒரு காலண்டர் கட்டு. ஜன்னலுக்குள்ளே குணசீலன் கையில் பிரிண்டரோடு நின்றான். கடைக்குள் கடிகாரம் நான்கு அடித்தது.

“வாங்கக்கா” என்றான். அவன் முகம் வாடிக் கிடந்தது.

“ஏன்டா, எடுத்ததை எல்லாம் இங்கயே போட்டு வச்சிருக்க?”

“பெட்டி பழகினப்ப மச்சான்தான் வெளிய நின்னு வாங்குவான். துபாய்க்குப் போயிட்டான். எடுத்துக் கொடுக்கிறதுதான்க்கா என் வேலை. வாங்க ஆளில்ல.”

“அப்ப எடுக்காம சும்மா இருக்க வேண்டியதுதான?”

“இருந்து பார்த்தேன்க்கா. ஒருநாள் காய்ச்சல். நாலு மணிக்கு ஒண்ணையும் எடுக்கல. பெட்டி அடிச்சிருச்சு. சங்கரபாண்டி அண்ணன் வந்து என்னைய யாருன்னு கேட்டாரு. காய்ச்சலோட எந்திரிச்சுக் கால்குலேட்டரை எடுத்து ஜன்னலுக்கு வெளிய போட்டேன். அப்புறம்தான் நின்னுச்சு.” மூக்கைத் துடைத்துக்கொண்டான். “ஒரு திருடனுக்கு லீவு கூட இல்லக்கா.”

அவன்மேல் பாவம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் டம்ளரில் டீ குடித்தவன்தானே இவன் என்று நினைத்துக்கொண்டாள்.

“கொடு” என்று கையை நீட்டினாள்.

ஜன்னலுக்கு வெளியே ஒரு கை வாங்கிக்கொள்வது பெட்டிக்குப் பழகிய சங்கதி. அடிக்கவில்லை.

பிரிண்டர் வந்தது. மறுநாள் இரண்டு கம்ப்யூட்டர் வந்தது. அதற்கடுத்த நாள் மேஜை வந்தது. ஜன்னல் சின்னதுதான். ஆனால் மேஜை வந்தபோது மேஜை அளவுக்கு விரிந்துகொடுத்தது, பிறகு பழையபடி ஆனது. சந்துக்கு எதிர்ப்புறம் காலியாகக் கிடந்த தகரக் கொட்டகையில் எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைத்தாள். ஜெராக்ஸ் மெஷின் வரும்போது அதில் ஒரு கிழவர் ஆதார் அட்டையை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அவரும் கூடவே வந்துவிட்டார். காப்பி எடுத்துக் கொடுத்து அனுப்பினாள்.

நாற்காலி வந்த அன்று தலையணையைத் தட்டித் தூசியை உதறினாள். உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள்.

உள்ளே சங்கரபாண்டி வெறும் தரையில் நின்றுகொண்டு, வருகிறவர்களிடம் “எல்லாம் சரியாத்தான் இருக்கு, பச்சை விளக்கு எரியுது பாருங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார். கூரை மின்விசிறி போனது. கதவு போனது. பெயர்ப் பலகை போனது. விளக்கு பச்சையாகவே எரிந்தது.

அப்புறம் ஒருநாள் நான்கு மணிக்குக் குணசீலன் சங்கரபாண்டியின் இடுப்பைப் பிடித்துத் தூக்கி ஜன்னலில் வைத்தான்.

“என்னங்க மேடம் இது?” என்றார் சங்கரபாண்டி, பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக.

“நீங்கதான் சாமான். பேசாம வாங்க” என்று இழுத்துக்கொண்டாள். சந்தில் கால் ஊன்றியதும் அவர் முகம் மலர்ந்தது. “மங்களம்! நீ இங்கயா இருக்க? கடையில ஒரு பொம்பளை…” என்று ஆரம்பித்தார். அவள் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

கடைசியாகப் பெட்டி. குணசீலன் அதை ஆணியிலிருந்து கழற்றி இரண்டு கையாலும் நீட்டினான். பச்சையாக எரிந்தபடியே அது ஜன்னலைக் கடந்து வந்தது. ஒரு சின்னச் சத்தம் கூட இல்லை. தன்னையே ஒருவன் திருடிக்கொண்டு போகிறான், அதற்கும் அடிக்கவில்லை! இதை நம்பித்தான் ஒரு மனுஷன் கட்டிய பெண்டாட்டியை வாசலில் நிறுத்தினான்.

“அக்கா, நான்?” என்றான் குணசீலன். அவன் பின்னால் நாலு சுவர் மட்டும் இருந்தது.

“நீ லீவுல இரு” என்றாள்.

அவன் அந்த வெறும் தரையில் காலை நீட்டிப் படுத்தான். உடனே குறட்டை விட்டான்.

கொட்டகையில் புது ஆணி அடித்தாள். அந்த நனைந்த காலண்டர் கட்டைப் பிரித்துச் சுவரில் தொங்கவிட்டாள். மேலே ஆவணி ஒன்று. ஊரில் அந்த நிமிஷமே நாலா பக்கமும் நாதஸ்வரம் கேட்டது. மாமனார் வீடுகளிலிருந்து மாப்பிள்ளைகள் பெட்டி படுக்கையோடு வெளியே ஓடிவந்தார்கள். அவள் பெட்டியைப் புது ஆணியில் மாட்டினாள். பச்சை போய் மஞ்சள் எரிந்தது. பழக ஆரம்பித்துவிட்டது.

இந்தத் தடவை விடுவாளா? அந்த வாரம் முழுக்க அவள் நாற்காலியை விட்டு நகரவில்லை. பெட்டி நன்றாகப் பார்க்கட்டும் என்று அதற்கு நேரே உட்கார்ந்தாள். உட்கார்ந்து என்ன செய்தாள்? இவ்வளவு நாள் அடைத்து வைத்திருந்தது எல்லாம் வாய் வழியாக வந்தது.

“மேடமாம்ல மேடம்! ஏன்யா, மூஞ்சியைப் பார்த்துத் தெரியாதாய்யா உனக்கு? ஒரு டப்பா சொல்லித்தான் தெரியணுமா?” என்று சங்கரபாண்டியைப் பிடித்தாள். அவர் கூட்டினால் கூட்டியது சரியில்லை என்றாள். சும்மா நின்றால் ஏன் நிற்கிறாய் என்றாள். வந்த கஸ்டமர்களை “அன்னைக்கு வாசல்ல நின்னேனே, ஒருத்தர் வாயைத் திறந்தீங்களா?” என்று கேட்டாள். கம்பெனிக்குத் தினமும் போன் போட்டாள். பெட்டியையே நிமிர்ந்து பார்த்து “நல்லாப் பாரு! இதுதான் நான்! கண்ணைத் தொறந்து பாரு!” என்று மேஜையைத் தட்டினாள். கேட்டவர்களுக்குக் காது வலித்தது. ஆனால் அவள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. எல்லாமே நியாயமான கோபம்.

சங்கரபாண்டி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். தலையைக் குனிந்துகொண்டு தினமும் அவளுக்குக் காப்பி போட்டுக் கொண்டுவந்து வைத்தார். தினமும் அதற்கும் திட்டு வாங்கினார்.

வாரம் முடிந்தது. விளக்கு பச்சையானது.

மங்களேஸ்வரி வெளியே போய் நின்றாள். வலது காலை உள்ளே வைத்தாள். அடிக்கவில்லை. இடது காலை வைத்தாள். அடிக்கவில்லை. நாற்காலியில் போய் உட்கார்ந்தாள், கம்ப்யூட்டரில் கடவுச்சொல்லைப் போட்டாள், எல்லாம் திறந்தது. தலையணையில் சாய்ந்தாள். இத்தனை நாள் கழித்து நெஞ்சுக்குள் ஒரு சூடு இறங்கியது போலிருந்தது. முகத்தில் காற்று பட்டது. மின்விசிறி ஓடுவதே அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

சங்கரபாண்டி காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுத் திட்டுக்காகத் தள்ளி நின்றார். அவள் ஒரு வாய் குடித்தாள். டிகாக்‌ஷன் கச்சிதமாக இறங்கியிருந்தது. சர்க்கரை அவளுக்குப் பிடித்த அளவில் இருந்தது. பாவம், மனுஷன் வாரம் முழுக்க இப்படித்தான் போட்டிருக்கிறார், நாம்தான் கவனிக்கவில்லை என்று நினைத்தாள். அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

“காப்பி நல்லாயிருக்குங்க” என்றாள்.

மணி அடித்தது.

ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சங்கரபாண்டி முதலில் பெட்டியைப் பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த அன்பெல்லாம் வடிந்து மரியாதை வந்து உட்கார்ந்தது.

“யாரும்மா நீங்க?” என்றார். “இது எங்க வீட்டுக்காரம்மா உக்கார்ற இடம். எந்திரிங்க.”

அவள் டம்ளரைக் கையில் பிடித்தபடி பெட்டியைப் பார்த்தாள். அது அடித்துக்கொண்டே இருந்தது. சந்துக்கு அந்தப் பக்கம் குணசீலனின் குறட்டைச் சத்தம் ஒரு நொடி நின்று மறுபடி தொடர்ந்தது. காப்பியின் மணம் இன்னும் அவள் மூக்கில் இருந்தது. சிரிப்பு இன்னும் முழுக்கக் கலையவில்லை. அதைக் கலைத்தாள்.

“காப்பியாய்யா இது?” என்று எழுந்து நின்று கத்தினாள். “கழனித்தண்ணி! இதை மனுஷி வாயில வைப்பாளா? யாரைப் பார்த்து யாருன்னு கேட்ட?”

மணி நின்றது.

“வந்துட்டியா மங்களம்” என்றார் சங்கரபாண்டி. அவருக்குக் கண்ணெல்லாம் நிறைந்துவிட்டது. “ஒரு நிமிஷம் பயந்தே போயிட்டேன். இப்பத்தான் இங்க வேற யாரோ உக்காந்திருந்தாங்க.”

அவள் உட்கார்ந்தாள். அந்த அருமையான காப்பியைக் கடைசிச் சொட்டு வரை திட்டிக்கொண்டே குடித்தாள்.